விளையாடும்போது இருக்கும் உயிர், வசனத்தாள் கைக்கு வந்ததும் எங்கே போகிறது?

வைகைக்கரை எழுதியது:

மதுரைப் பக்கம் ஒரு கலைக்கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறேன். மாணவர் நாடகக் குழுவுக்கும் ஐந்து ஆண்டுகளாக நான்தான் பொறுப்பு. இந்த முறை 14 பேர் சேர்ந்திருக்கிறார்கள். மூன்று பேரைத் தவிர யாரும் இதற்குமுன் மேடை ஏறியதில்லை. ரேஷன் கடை வரிசையில் ஒரு காலைப்பொழுதில் நடப்பதை வைத்து அவர்களே 25 நிமிட நாடகம் எழுதியிருக்கிறார்கள். எழுத்து நன்றாக வந்திருக்கிறது. கைரேகை பதியாமல் திரும்பும் கொத்தனார், வரிசையில் பையை வைத்துவிட்டு டீ குடிக்கப் போனவர், யாருடைய பை முதலில் இருந்தது என்று சாட்சி சொல்லும் பாட்டி என எல்லாரும் நாம் பார்த்த மனிதர்கள்தான்.

சிக்கல் ஒத்திகையில். மாலை நான்கரைக்கு வகுப்பறை பெஞ்சுகளை ஓரம் தள்ளிவிட்டு முதல் நாற்பது நிமிடம் விளையாடுகிறோம். வட்டமாக நின்று பெயர் சொல்லிப் பந்து எறிவது, கைதட்டியதும் சிலையாக உறைவது, எதிரெதிரே நின்று கண்ணாடி போல ஆடுவது, குலைகுலையாய் முந்திரிக்காய். அறையே அதிரும். பிறகு "சரி, முதல் காட்சி" என்று சொன்னதும் குழுப் புகைப்படத்துக்கு நிற்பதுபோல எல்லாரும் முன்பக்கம் பார்த்து நின்றுவிடுகிறார்கள். குரல் ஒப்புவித்தல் போட்டிக் குரலாகிவிடுகிறது. பத்து நிமிடத்துக்கு முன் உருண்டு புரண்டு சிரித்த அதே பிள்ளைகள்தானா என்று தோன்றுகிறது.

நான் தேர்ந்தெடுத்த விளையாட்டுகள் தவறா, நடத்தும் முறை தவறா? இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. பாதிப் பேர் 6.40 பஸ்ஸை விட்டால் ஊர் போய்ச் சேர முடியாது. ஆகவே நேரத்தையும் நீட்ட முடியாது.

மூன்றாம்மணி எழுதியது:

முப்பது ஆண்டுகளுக்கு மேல் அமெச்சூர் நாடகம் போடுகிறவன் என்ற முறையில் வெளிப்படையாகச் சொல்கிறேன். இரண்டு மணி நேர ஒத்திகையில் நாற்பது நிமிடம் பந்து எறிந்தால் மிச்ச நேரத்தில் நாடகம் எப்படி வரும்? நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து நாடகக் குழுப் பிள்ளைகள் வட்டமாக நின்று பெயர் சொல்லி விளையாடவில்லை. பாட்டும் பாடமும் மனத்தில் ஏறிய பிறகு மேடை ஏறினார்கள். வசனம் நெட்டுருவாகாத நடிகருக்கு உடல் தளர்ந்தும் பயனில்லை. அடுத்த வரி என்ன என்ற பயத்தில்தான் உங்கள் பிள்ளைகள் விறைக்கிறார்கள். பத்து நிமிடம் கைகால் உதறட்டும். மீதி நேரம் முழுவதும் வசனத்துக்குக் கொடுங்கள்.

நீலத்திரை எழுதியது:

நாற்பது நிமிடம் அதிகம் என்பதில் ஐயாவுடன் எனக்கு உடன்பாடுதான். ஆனால் சிறுவர்களே நடித்த அந்தக் காலத்துப் பாலர் சபைகளை விளையாட்டுக்கு எதிரான சாட்சியாக நிறுத்துவது சரியில்லை. 1918-இல் சுவாமிகள் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைப் போன்ற குழுக்களில் பிள்ளைகள் ஓரிடத்திலேயே தங்கி, உண்டு, உறங்கி, ஒன்றாகவே பயின்றார்கள். ஒருவன் எப்போது மூச்செடுப்பான் என்பது பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரிந்திருக்கும். நம் மாணவர்கள் நான்கரைக்குச் சந்தித்து 6.40-க்கு ஓடுகிறவர்கள். பல மாதக் கூட்டு வாழ்க்கை தரும் பழக்கத்தில் ஒரு பங்கையாவது சில வாரங்களில் உண்டாக்கத்தான் நாம் விளையாட்டைத் தேடுகிறோம்.

இப்போது வைகைக்கரை அவர்களின் கேள்விக்கு வருகிறேன். இந்த வகை விளையாட்டுகளை நடிப்புப் பயிற்சியாக ஒழுங்குபடுத்தியவர்களில் முதன்மையானவர் வயோலா ஸ்போலின். சிகாகோவில் நீவா பாய்ட் என்பவரிடம் குழந்தை விளையாட்டுகள் வழியாகக் கற்பிக்கும் முறையைப் பயின்றவர். 1963-இல் வெளிவந்த அவருடைய நூல் இன்றும் பயிற்றுநர்கள் கையில் இருக்கிறது. அவர் முறையின் அச்சாணி ஒன்றுதான். ஒவ்வொரு விளையாட்டிலும் ஆடுபவரின் கவனம் ஊன்றி நிற்க ஒரே ஒரு பொருள் கொடுக்கப்பட்டிருக்கும். இல்லாத பந்தை எறிகிறீர்கள் என்றால் கவனம் முழுவதும் அந்தப் பந்தின் கனத்தில் இருக்க வேண்டும். அங்கே "நான் எப்படித் தெரிகிறேன்" என்ற கவலை நுழைய இடமே இருக்காது.

உங்கள் பிள்ளைகளுக்கு விளையாட்டில் கவனிக்க ஒன்று இருக்கிறது. காட்சி தொடங்கியதும் கவனிக்கத் தங்களைத் தவிர எதுவும் இல்லை. அதனால் விறைக்கிறார்கள். விளையாட்டை முடித்துவிட்டு நாடகத்துக்குப் போகாதீர்கள். விளையாட்டின் கவனப்பொருளைக் கையோடு காட்சிக்குள் கொண்டுபோங்கள்.

உங்கள் நாடகத்தையே எடுத்துக்கொள்வோம். வரிசைதான் அதன் உயிர். பதினான்கு பேரும் வரிசையில் நின்று கண்ணை மூடி 1 முதல் 20 வரை எண்ணட்டும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் சொல்ல வேண்டும். யார் எந்த எண் என்று முன்கூட்டிப் பேசக் கூடாது, சைகையும் கூடாது. இருவர் குரல் மோதிவிட்டால் மறுபடி 1. இதில் வெற்றி பெற ஒரே வழி, பக்கத்தில் இருப்பவர் பேசப் போகிறாரா என்று காதால் தேடுவது. 20-ஐத் தொட்டதும் "நல்லது, உட்காருங்கள்" என்று சொல்லாதீர்கள். நின்ற இடத்திலேயே, கண் மூடியபடியே, முதல் காட்சியின் வசனங்களைச் சொல்லச் சொல்லுங்கள். அதன்பின் கண்ணைத் திறக்கட்டும்.

இரண்டாவது, மேல் கீழ். லண்டன் ராயல் கோர்ட் அரங்கில் பணியாற்றிய கீத் ஜான்ஸ்டன், இரண்டு பேர் சந்தித்தாலே ஒருவர் உயர்ந்தும் ஒருவர் தாழ்ந்தும் நடந்துகொள்வதை வைத்தே நிறையப் பயிற்சிகள் செய்தவர். பரவலாக ஆடப்படும் ஒரு வடிவம் இது. சீட்டுக்கட்டிலிருந்து ஆளுக்கு ஒரு சீட்டை, தான் பார்க்காமல், நெற்றியில் ஒட்டிக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் அந்த எண்ணுக்கு ஏற்றபடி மரியாதை கொடுப்பார்கள். ஐந்து நிமிடத்தில் தன் எண்ணை ஒவ்வொருவரும் ஊகித்துவிடுவார்கள். ரேஷன் கடைக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சி கிடைக்காது. ஆனால் நம் ஊரில் இதை மிகவும் பொறுப்போடு நடத்த வேண்டும். நெற்றியில் 2 ஒட்டிக்கொண்டு நிற்கும் மாணவர், பிறந்ததிலிருந்து ஊரில் அப்படியே நடத்தப்பட்டவராக இருக்கக்கூடும். ஒருவருக்கே சிறிய எண் இருமுறை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் சீட்டை எடுத்துவிட்டு, ஒவ்வொருவரையும் சொந்தப் பெயர் சொல்லி வட்டத்துக்கு அழையுங்கள்.

மூன்றாவது உங்களுக்கான பயிற்சி. காட்சி ஓடும்போது நிறுத்தித் திருத்தாதீர்கள். ஓரத்தில் நின்று "பை கனக்கிறது", "வெயில் எந்தப் பக்கம்?", "கடைக்காரர் கண்ணைப் பார்" என்று மட்டும் குரல் கொடுங்கள். அவர்கள் ஆடிக்கொண்டே கேட்டுக்கொள்வார்கள்.

குரல்வளம் எழுதியது:

ஒப்புவித்தல் குரலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பள்ளியில் பரிசு வாங்கிய பிள்ளைகளிடம்தான் இது அதிகம். மார்பை நிமிர்த்தி, தோளை உயர்த்தி, தொண்டையை இறுக்கிச் சொன்னால்தான் "கணீர்" என்று இருக்கும் எனப் பழகியிருக்கிறார்கள். அறிவுரை சொல்லி இதை மாற்ற முடியாது. மூச்சை மாற்றினால் தானாக மாறும்.

அதற்கு நம்மிடமே சடுகுடு இருக்கிறது. ஒரே மூச்சில் பாடிக்கொண்டு எதிரணிக்குள் போய்த் திரும்ப வேண்டும் என்ற விதியை நினைத்துப் பாருங்கள். ஓட வேண்டும், குனிய வேண்டும், நான்கு பக்கமும் கண் வைக்க வேண்டும், குரலும் அறுபடக் கூடாது. மேடையில் நடிகர் செய்வதும் இதுதானே? வகுப்பறையில் பிடித்து இழுக்கும் ஆட்டம் வேண்டாம், சிமென்ட் தரை. சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கோடு போட்டு, தொட்டால் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் சுற்று "சடுகுடு சடுகுடு". அடுத்த சுற்றில் அந்த இடத்தில் அவரவர் வசனத்தில் மிக நீளமான வாக்கியம். மூன்றாம் சுற்றில் அதே வாக்கியம், கிசுகிசுப்பாக இல்லாமல், ஆனால் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசும் அளவில். வயிற்றிலிருந்து மூச்சு வரவில்லை என்றால் பாதி வழியில் நின்றுவிடுவார்கள். தங்களுக்கே தெரிந்துவிடும்.

அதற்குப் பிறகு நாப்பயிற்சி. "ஓடுகிற நரியில் ஒரு நரி கிழநரி" என்ற வரியும், ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோலில் வழுக்கிய கதையும் எல்லாருக்கும் தெரியும். வேகப் போட்டியாக வைக்காதீர்கள். வேகத்தில் ழகரம்தான் முதலில் பலியாகும். மிக மெதுவாக, உதடும் நாவும் செய்வதை உணர்ந்து சொல்லட்டும். ல, ள, ழ மூன்றுக்கும் நா எங்கே படுகிறது என்று ஒவ்வொருவரும் தேடிக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் கொடுங்கள். என் அனுபவத்தில் கல்லூரி மாணவர்கள் இதை வெட்கப்படாமல் ரசித்துச் செய்கிறார்கள்.

வரிசை முக்கியம்: முதலில் உடல், பிறகு மூச்சு, கடைசியில் குரல். வந்ததும் வராததுமாகக் கத்த விட்டால் மூன்றாம் வாரத்தில் பாதிப் பேருக்குத் தொண்டை கட்டியிருக்கும்.

பனங்கூடல் எழுதியது:

யாழ்ப்பாணத்தில் பாடசாலை ஒன்றில் நாடகமும் அரங்கியலும் கற்பிக்கிறேன். இங்கு இதனைக் களப்பயிற்சி என்று சொல்வோம். ஈழத்து நாடகாசிரியர் குழந்தை ம. சண்முகலிங்கம் அவர்கள் 1978-இல் நாடக அரங்கக் கல்லூரியை ஆரம்பித்த காலம் தொட்டு எங்கள் அரங்கில் விளையாட்டுக்குத் தனி இடம் உண்டு. ஒத்திகைக்கு முன் உடம்பைச் சூடாக்கும் வேலையோடு அது நின்றுவிடுவதில்லை. விளையாட்டின் அசைவே காட்சியின் அசைவாக மேடைக்கு வந்துவிடும்.

உங்கள் ரேஷன் கடைக்குக் கிளித்தட்டைச் சொல்வேன். தரையில் நீளமாக நடுக்கோடு ஒன்று, குறுக்கே நான்கைந்து கோடுகள். குறுக்குக் கோட்டில் நிற்பவர் தன் கோட்டைக் காக்க, நடுக்கோட்டில் கிளி எனப்படும் காவலர் ஓட, எதிரணி ஒவ்வொரு தட்டாகக் கடந்துபோய்த் திரும்ப வேண்டும். கடைக்காரரைக் கிளியாக்குங்கள். ஒரு கோட்டைக் கடக்க விரும்புபவர் தன் வசனத்தைச் சொல்ல வேண்டும், மறிப்பவர் பதில் சொல்ல வேண்டும். கடந்தபின்தான் அடுத்த வசனம். அப்போது "முன்பக்கம் பார்த்து நில்லாதே" என்று நீங்கள் சொல்லத் தேவையில்லை. முன்பக்கம் பார்த்தால் அகப்பட்டுவிடுவார்கள்.

ஒரு நாளில் ஒரு விளையாட்டுப் போதும், அம்மா. நான்கைந்தை அடுத்தடுத்து வைத்தால் எதுவும் ஊறாது.

புதுமுகம் எழுதியது:

வணக்கம். நான் இரண்டாம் ஆண்டு மாணவி. நடத்துகிறவர்கள் மட்டும் பேசுவதால், ஆடுகிறவள் பக்கத்திலிருந்தும் ஒன்று சொல்லலாம் என்று நினைத்தேன்.

சென்ற ஆண்டு ஒரு பயிற்சி முகாமுக்குப் போயிருந்தேன். முதல் நாளே, பின்னால் சாய்ந்து விழுங்கள், மற்றவர்கள் பிடிப்பார்கள், நம்பிக்கை வளரும் என்றார்கள். யாரையும் எனக்கு அதற்குமுன் தெரியாது. தயங்கினேன். "நடிக்க வந்துவிட்டுக் கூச்சமா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார்கள். எனக்கு அடுத்து விழுந்த பெண்ணைப் பிடிக்க வேண்டியவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் மணிக்கட்டு முறிந்தது. அதன்பின் ஆறு மாதம் நான் எந்த நாடகக் குழுவின் பக்கமும் போகவில்லை.

தொடுவது, கட்டிப்பிடிப்பது, கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது இவையெல்லாம் எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை. "எனக்கு இது வேண்டாம்" என்று சொல்ல வழி இருந்தால் நான் அன்றே ஓடியிருக்க மாட்டேன்.

நீலத்திரை எழுதியது:

தங்கை சொன்னதை ஒவ்வொரு பயிற்றுநரும் படிக்க வேண்டும். விழுந்து பிடிக்கும் விளையாட்டை நான் முழுவதுமாக விட்டுவிட்டேன். நம்பிக்கை, ஒருவர் கொடுத்த பந்தை இன்னொருவர் தவறவிடாமல் வாங்கும்போது சிறிது சிறிதாக வருவது. முதல் நாளில் முதுகைக் காட்டி விழச் சொல்லி வாங்க முடியாது.

தொடாமலே நெருக்கத்தைப் பழக அருமையான ஒன்று, பிரேசில் நாட்டு அரங்கவியலாளர் அகஸ்டோ போவால் பயன்படுத்திய "கொலம்பிய வசியம்". ஒருவர் உள்ளங்கையை மற்றவர் முகத்துக்கு ஒரு சாண் தள்ளிப் பிடிப்பார். கை எங்கே போனாலும் முகம் அந்த ஒரு சாண் தூரம் மாறாமல் தொடர வேண்டும். கை தாழ்ந்தால் குனிய வேண்டும், சுழன்றால் சுழல வேண்டும். அன்றாடம் பயன்படாத தசையெல்லாம் விழிக்கும். கையை வைத்திருப்பவர்தான் மற்றவரின் முதுகுக்கும் முழங்காலுக்கும் பொறுப்பு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிறகு மாறிக்கொள்ளட்டும். அடக்குமுறைக்கு ஆளாகிக் கைதாகி, 1971-இல் நாட்டை விட்டே போக நேர்ந்த மனிதர் போவால். யார் ஆட்டுகிறார், யார் ஆடுகிறார் என்ற கேள்வி அவருடைய விளையாட்டுகளுக்குள் எப்போதும் இருக்கும். விளையாடி முடித்ததும் அதைப் பற்றி இரண்டு நிமிடம் பேசவிடுங்கள்.

பனங்கூடல் எழுதியது:

என் வகுப்பில் ஒரு விதி வைத்திருக்கிறேன். எவரும் எந்த விளையாட்டிலிருந்தும் காரணம் சொல்லாமல் விலகி நிற்கலாம். விலகியவருக்கு வேலை உண்டு. பெஞ்சில் தாளம் போட்டு விளையாட்டின் வேகத்தை அவர்தான் கட்டுப்படுத்துவார். வெளியே நிற்பது தண்டனை போலவும் ஆகாது, அவர் குழுவை விட்டு அறுந்தும் போகமாட்டார். பிள்ளைகள் சிலர் தாளத்துக்கு நிற்கத் தாங்களாகவே கேட்பதும் உண்டு.

துப்பட்டாவைக் குறுக்காகக் கட்டுவது, வளையலையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி வைப்பது, தரையை ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுவது, இவற்றை முதல் ஐந்து நிமிடத்தில் எல்லாரும் சேர்ந்து செய்வோம். எங்களுக்கு அதுவும் பயிற்சிதான்.

வைகைக்கரை எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். நடந்ததைச் சொல்கிறேன்.

விளையாட்டை இருபது நிமிடமாகக் குறைத்தோம். எண்ணும் விளையாட்டில் முதல் இரண்டு நாளும் 9-ஐத் தாண்டவில்லை. மூன்றாம் நாள் 20 வந்தது. அதன்பின் அறையில் இருந்த அமைதியை என்னால் எழுதிக் காட்ட முடியவில்லை. அந்த அமைதிக்குள்ளிருந்து பாட்டியாக நடிக்கும் மாணவி முதல் வசனத்தைச் சொன்னபோது, எதிரே நின்றவன் நிஜமாகவே திரும்பிப் பார்த்தான். இத்தனை நாள் நான் சொல்லிச் சொல்லி வராத திரும்பல் அது.

கிளித்தட்டு எங்கள் அறைக்குப் பொருந்தவில்லை, இடம் போதாது. சைக்கிள் நிறுத்தும் இடத்தில் ஒருநாள் ஆடினோம். அன்று வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்துவிட்டது, பிள்ளைகள் கூசிப்போனார்கள். மறுபடி முயலவில்லை.

நானாக ஒன்று செய்து பார்த்தேன். எழுத்துக்கு எழுத்து "க" சேர்த்துப் பேசும் சிறுவயது ரகசிய மொழி நினைவிருக்கிறதல்லவா? ஒரு காட்சி முழுவதையும் அந்த மொழியில் ஆடச் சொன்னேன். முதல் நாள் சிரித்தே நேரம் போயிற்று. என் கணக்கில் அது வீணான நாள். இரண்டாம் நாள் கைரேகை பதியாத கொத்தனார் காட்சி. அந்த மாணவன் இதுவரை "இன்னொரு முறை பாருங்கள்" என்ற வரியை மேடைப்பேச்சு போலச் சொல்லிக்கொண்டிருந்தான். க-மொழியில் அந்த வரி கடைக்காரனுக்குப் புரியவில்லை. உடனே கட்டைவிரலைச் சட்டையில் அழுத்தித் துடைத்தான். பார்த்தான். வேட்டி நுனியில் மறுபடி துடைத்தான். பிறகு விரலை நீட்டினான். சிமென்ட் அரித்துத் தேய்ந்த கை என்பது எல்லாருக்கும் புரிந்துவிட்டது. அவன் அப்பா கொத்தனார் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். இப்போது அந்தக் காட்சியில் வசனத்தையே எடுத்துவிட்டோம்.

ஒரு குறை மிச்சம். நுழைவு. உள்ளே வந்து வரிசையில் சேரும் வரை யாருக்கும் உயிரில்லை. நடந்து வருகிறார்கள், அவ்வளவுதான்.

நீலத்திரை எழுதியது:

கட்டைவிரலைச் சட்டையில் துடைத்த அந்தத் தம்பிக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

நுழைவுக்குத் தெருக்கூத்தைவிடப் பெரிய ஆசான் கிடையாது. கூத்தில் வேடம் சும்மா நடந்து வராது. இருவர் பிடித்த திரைக்குப் பின்னால் நின்று பாடி, சலங்கை ஒலித்து, ஆடி, கூத்தை நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியங்காரன் கேள்விக்குப் பதில் சொல்லித் தன்னை அறிவித்துக்கொண்டு வெளிப்படும். அதை விளையாட்டாக்குங்கள். இருவர் ஒரு போர்வையைப் பிடிக்கட்டும். நுழைபவர் முதலில் போர்வைக்குக் கீழே பாதத்தை மட்டும் காட்ட வேண்டும். பாதத்தை வைத்தே மற்றவர்கள் "வயது என்ன, எவ்வளவு தூரம் நடந்து வந்தவர், செருப்பு யாருடையது" என்று சொல்லட்டும். அடுத்து போர்வை விளிம்பைப் பற்றும் விரல்கள். அடுத்து குரல். ஒருவர் கட்டியங்காரனாக நின்று "யார், எந்த ஊர், வீட்டில் அடுப்பு எரிந்ததா, கையில் என்ன பை" என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் பதில் சொன்ன பிறகுதான் போர்வை விலகும். நான்கு ஒத்திகை இப்படிச் செய்துவிட்டுப் போர்வையை எடுத்துவிடுங்கள்.

மூன்றாம்மணி எழுதியது:

இந்த இழையைத் தொடர்ந்து படித்துவருகிறேன். சென்ற ஞாயிறு என் குழுவில் எண்ணும் விளையாட்டை வைத்தேன். எல்லாரும் நாற்பது வயதைக் கடந்தவர்கள், வசனம் தலைகீழாகத் தெரிந்தவர்கள். 6-க்கு மேல் போகவில்லை. ஒருவர் பேசுவதை இன்னொருவர் கேட்காமலே இத்தனை ஆண்டு நடித்திருக்கிறோம் என்று அன்று உணர்ந்தேன். நெட்டுரு தேவை என்பதில் எனக்கு இன்றும் மாற்றமில்லை. அது மட்டும் போதும் என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

ஒரு கேள்வி. நிகழ்ச்சி அன்று என்ன செய்வீர்கள்? மேடைக்குப் பின்னால் ஆள் நிற்கவே இடமிருக்காது, முந்தைய குழு ஆடிக்கொண்டிருக்கும், சத்தம் போடக் கூடாது, ஒப்பனை வேறு கலையக் கூடாது.

குரல்வளம் எழுதியது:

ஐயா, எட்டு நிமிடம் கிடைத்தால் போதும். சுவரில் முதுகு ஒட்டி நின்று, தோள்களை இறக்கி, "ம்ம்" என்று உதடு மூடி மெல்லிய முனகல் இரண்டு நிமிடம். வெளியே கேட்காது, மார்பில் அதிர்வு தெரியும். தாடையை விரலால் மெதுவாக நீவிவிடலாம். ஒப்பனை போட்டிருந்தால் காதுக்குக் கீழே மட்டும். பிறகு எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்க்கும்படி நின்று 1 முதல் 20 வரை, குரலில்லாமல், உதட்டசைவில் எண்ணுங்கள். கண்ணைத் திறந்தபடி. அன்று புதிய விளையாட்டு எதுவும் வேண்டாம், பழகியது மட்டும். வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு பாட்டில் யாராவது கையில் இருக்கட்டும். குளிர்ந்த சோடாவை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

வைகைக்கரை எழுதியது:

வருகிற வெள்ளிக்கிழமை எங்கள் முறை. போர்வை நாளை வருகிறது, பாட்டியாக நடிப்பவள் தன் வீட்டிலிருந்து கொண்டுவருகிறாள். உதட்டசைவில் எண்ணுவதை இன்றே பழகிவிடுகிறோம்.